சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்த தலைவலி

கண்ணு சரவணா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமேல் நான் படிக்கவில்லை. ஆனால் உன்னிடம் நலமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். "ஏமி லேதும்மா" என்பாய். ஒன்றுமில்லை என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் கேட்கவில்லை. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அதுவும் உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததால் வந்தது. மெதுவாகவே படி. நேரில் பேசினால் என் குரல் உடைகிறது, குரல் உடைந்த உடனே நீ எழுந்து செருப்பை மாட்டிக்கொள்கிறாய். காகிதத்தை அப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போகமாட்டாய் என்று ஒரு நம்பிக்கை.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது கண்ணு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மாமியார் சுகுணம்மா மேல் எனக்குப் பொறாமை. அவள் வீட்டுக் கோங்கூரப் பச்சடியும் நான் செய்கிற புளிச்சகீரைக் கடைசலும் ஒரே கீரைதான், இருந்தாலும் நீ அவளிடம்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாய். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். கல்யாணமான பிள்ளை, புது ருசி என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு மாதாப்பூரில் உன் வீட்டு வாசலில் நின்றபோது பார்த்ததை என்னால் விடமுடியவில்லை.

நான் சொல்லாமல் வந்தது தப்புதான். மௌலா அலியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மெட்டுகூடா வந்து, அங்கேயிருந்து மெட்ரோ ஏறி, கையில் கேரியரோடு உன் மாடிக்கு வந்தேன். வேலை நாள்தானே, லாவண்யாவும் நீயும் ஆபீஸ் போயிருப்பீர்கள், வாட்ச்மேனிடம் சாவி வாங்கிச் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்திருந்தது. நீ சோபாவில் படுத்திருந்தாய். நெற்றியில் ஈரத்துணி. தலைமாட்டில் சுகுணம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு கட்டை விரலாலும் உன் புருவத்துக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டு, "அக்கட காது, கொஞ்சம் பைன" என்று அவளுக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அங்கே இல்லை, கொஞ்சம் மேலே என்று. எத்தனை நாளாக நடக்கிறதோ, அவள் விரல் சரியாகப் போய் அந்த இடத்தில் நின்றது. என்னைப் பார்த்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள். "ரண்டி வதினா, கூர்ச்சோண்டி" என்றாள். என் மகன் வீட்டுக்கு என்னை அவள் அண்ணி முறை வைத்து வரச்சொல்கிறாள், உட்காரச்சொல்கிறாள். நீ துணியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாய். பள்ளிக்கூடத்தில் சிகரெட்டோடு பிடிபட்ட பையன் மாதிரி இருந்தது உன் முகம்.

உனக்குத் தலைவலி என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவளுக்குப் போன மழைக்காலத்திலிருந்து தெரியும். நீ குளிக்கப் போன நேரத்தில் அவள் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள். தெலுங்கில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். வலி இடதுபக்கம் ஆரம்பித்துப் பின்கழுத்துக்கு வரும், சாயங்காலம் அதிகம், கண் டாக்டரிடம் பார்த்தாயிற்று, பல் டாக்டரிடம் பார்த்தாயிற்று, இரண்டு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, எதிலும் ஒன்றும் இல்லை. ஆனால் நீ நம்பவில்லை. ஆபீஸ் பாத்ரூமில் போய்ப் போனில் தலைவலியைப் பற்றிப் படிக்கிறாய். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கண்ணின் கருமணியும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்கிறாய். லாவண்யாவை உட்காரவைத்து எந்த பேங்குக்கு எந்த பாஸ்வேர்ட் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாய். இன்னும் முப்பத்திரண்டு முடியாத பிள்ளை. அந்தப் பெண் சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள்.

இதையெல்லாம் கேட்டு எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பொறாமைதான். நான் பெற்ற பிள்ளைக்கு எந்தப் பக்கம் வலிக்கும் என்று இவளுக்குத் தெரிகிறதே என்றுதான் வயிறு எரிந்தது. சும்மா இருந்திருக்கலாம், வாய் கேட்கவில்லை. "எங்க வூட்டுப் புள்ளைக்கு எங்க வூட்டு எண்ணெய் போதாதா? எங்கிட்ட வந்திருந்தா நான் தேச்சு வுட்டிருக்கமாட்டனா?" என்றேன். அவள் கோபப்படவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டபடி சொன்னாள்: "எண்ணெய் எந்த வீட்டுதா இருந்தா என்ன வதினா. கை நடுங்காம இருக்கணும்." அப்புறம் கொஞ்சம் தணிந்து, "மீரு ஏடுஸ்தாரனி செப்பலேது" என்றாள். நீங்கள் அழுவீர்கள் என்றுதான் உங்களிடம் சொல்லவில்லையாம். கேரியரைக்கூட எடுக்காமல் நான் கிளம்பிவிட்டேன். மெட்ரோவில் ஒரு பெண் பிள்ளை எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்த பிறகு என் கையைப் பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது.

இது எனக்கு முதல் தடவை இல்லை என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. உன் அப்பாவும் இதையேதான் செய்தார். ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை பார்த்த கரீம் பாயை உனக்குத் தெரியும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குத் தாழ்வாரத்தில் கரீம் பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தலைவலி எப்போதிருந்து என்று டாக்டர் கேட்டபோது நான் போன வாரத்திலிருந்து என்றேன். கரீம் பாய் மெதுவாக, இல்லை சார், ரொம்ப நாளாக, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார் என்றார். நான் அவரைப் பார்த்தேன். "பாபிகு நக்கோ போலோ போலே" என்றார். பாபி என்று அவர் கூப்பிடுகிற என்னிடம் சொல்லவேண்டாம் என்று உன் அப்பா சொன்னாராம். கட்டிலை, சோற்றை, பிள்ளையைப் பங்கு போட்டுக்கொண்ட மனுஷன் வலியைக் கொண்டுபோய் டீக்கடையில் வேறொருவரோடு பங்கு போட்டிருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் கரீம் பாய் ரம்ஜானுக்கு ஷீர் குருமா பாயசம் எடுத்துவருவதை நிறுத்தவில்லை. நான் பாத்திரத்தை வாங்கிக்கொள்வேன், கழுவிக் கொடுத்தனுப்புவேன், உள்ளே வாருங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீ அதை என்னவென்று நினைத்தாயோ. பொறாமைதான் அது.

அதற்குப் பிறகு நம் வீட்டில் என்ன ஆயிற்று என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தலைவலி என்கிற வார்த்தையைச் சொல்லாதே என்று நான் உத்தரவு போடவில்லை. ஆனால் நீ இரண்டாம் வருஷம் காலேஜிலிருந்து வெயிலில் வந்து, அம்மா தலை வலிக்குது என்று சொன்ன அன்றைக்கு நான் செய்த கூத்து இருக்கிறதே. தெருவே கூடிவிட்டது. உன் தலையைச் சுற்றி உப்பு மிளகாய் கழித்து நெருப்பில் போட்டேன், மலைமேல் தர்காவுக்குச் செருப்பில்லாமல் ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன், சாப்பிடமாட்டேன் என்று படுத்துவிட்டேன். நீதான் எனக்கு மோர் கரைத்துக் கொடுத்தாய். தலைவலி உனக்கு, மோர் எனக்கு. அன்றைக்குப் பிறகு நீ அந்த வார்த்தையைச் சொல்லவேயில்லை. தைல பாட்டிலைத் தூக்கிப் போட்டாயிற்று. டிவியில் தைல விளம்பரம் வந்தால் ரிமோட்டை நீ எடுப்பாய் அல்லது நான் எடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரி தலையைப் பிடித்துக்கொண்டு வந்தால், கண் எரியுதா அக்கா என்று நீ பேச்சை மாற்றுவாய். நமக்குள் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. உனக்கு அந்த வலியே வராது என்றுகூட நான் நம்பிவிட்டேன். வந்திருக்கிறது. தமிழில் சொல்ல இடமில்லாமல் இன்னொரு வீட்டில் போய்த் தெலுங்கில் "தல நொப்பி" என்று சொல்லியிருக்கிறாய். அங்கே அந்த வார்த்தைக்கு யாரும் உப்பு சுற்றவில்லை. ஒரு துணியை நனைத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

பேகம்பேட் ஆஸ்பத்திரிக்கு நீ அந்த மூளை டாக்டரம்மாவைப் பார்க்கப் போன நாளை இப்போது சொல்கிறேன். நீ என்னைக் கூப்பிடவில்லை. லாவண்யா வாய்தவறிச் சொன்னதை வைத்துக்கொண்டு நானே வந்தேன். உனக்கு ஒரு பக்கம் சுகுணம்மா வாட்டர் பாட்டிலோடு, இன்னொரு பக்கம் நான் வாட்டர் பாட்டிலோடு. நடுவில் நீ. எதிர் நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டார். நர்ஸ் வந்து உன் பேரைக் கூப்பிட்டு, கூட ஒருத்தர்தான் வரலாம் என்றாள். நீ எழுந்து நின்றாய். உன் பார்வை முதலில் எந்தப் பக்கம் போயிற்று என்று நான் பார்த்தேன் கண்ணு. என் பக்கம் வரவில்லை. சுகுணம்மாதான் என் முதுகில் கைவைத்து, "மீரு வெள்ளண்டி வதினா" என்று உள்ளே தள்ளினாள். பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார எனக்கு அவள் இடம் கொடுக்கிறாள். நன்றி சொல்லாமல், முகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

உள்ளே டாக்டரம்மா உன்னிடம் நிறைய கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றபோது நீ அப்பாவுக்கு மூளையில் கட்டி என்று இங்கிலீஷில் சொன்னாய். நான் சும்மா இருக்காமல், "அவருக்கும் மொதல்ல ஒண்ணுமில்லன்னுதாம்மா சொன்னாங்க" என்றேன். உன் முகம் எப்படி வெளுத்தது என்று பார்த்தேன். உன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், யார் சொன்னது என்று. ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெடிக்கல் ஷாப்காரன் சொன்னது. கரீம் பாய் சொன்னது. அவரே சொல்லிக்கொண்டது. அப்படியென்றால் அவர் தலைக்குள் யாரும் பார்க்கவே இல்லை, உங்கள் பையன் தலையை இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது, இரண்டும் ஒன்றில்லை அம்மா என்றாள். அவள் சொன்ன மீதியும் உனக்குத் தெரியும், இருந்தாலும் நான் கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வலி பொய் இல்லை, நிஜமாகவே வலிக்கிறது. கழுத்தும் கண்ணும் தூக்கமும் கெட்டு வருகிற வலி, அதன்மேல் பயம் உட்கார்ந்து அழுத்துகிறது. இதைப் பேசித் தீர்க்கவென்றே ஆள் இருக்கிறார்கள், சீட்டு எழுதித் தருகிறேன், போங்கள். திடீரென்று இதுவரை இல்லாத மாதிரி வலி, காலையில் வாந்தி, பார்வை மங்குவது, கை கால் மரத்துப்போவது, வலிப்பு, பேச்சு குழறுவது, இப்படி எது வந்தாலும் யோசிக்காமல் உடனே வாருங்கள். அதெல்லாம் இல்லாமல் பயத்துக்காக மறுபடி ஸ்கேன் எடுக்காதீர்கள், எடுக்க எடுக்கப் பயம் பெரிசாகும் என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் உடனே நம்பினேன். டாக்டர் சொன்னதால் இல்லை, எனக்கே நடந்திருக்கிறது. அப்பா போன பிறகு நீ மதியம் படுத்துத் தூங்கினால் நான் வந்து உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். நிம்மதியாக இருக்கும். சமையலறை வரைக்கும் போவேன், நிம்மதி தீர்ந்துவிடும். ஒருவேளை விரலில் பட்டது மின்விசிறிக் காற்றோ என்று தோன்றும். திரும்ப வருவேன். பார்த்தால் அடங்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன், பார்க்கப் பார்க்க இன்னும் பார்க்கச் சொல்லிற்று. ஒருநாள் நீ கண்ணைத் திறந்து, "நான் இருக்கேன்மா, போ" என்றாய். வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு பயம் வந்தால் எழுந்து வராமல் வாழைப்பூவோ கீரையோ எதையாவது ஆய்ந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். விக்கல் மாதிரிதான் கண்ணு அது. நின்றதா நின்றதா என்று கவனித்துக்கொண்டே இருந்தால் நிற்காது. கீரை ஆய்ந்து முடிக்கையில் எப்போது போயிற்று என்றே தெரியாது. சில நாள் போகாது. சரி, பயத்தோடேயே குழம்பு வைப்பேன். குழம்பில் பயம் ஒன்றும் கலக்காது. உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காலையில் சாப்பிடாமல் ஓடாதே. போனில் படிக்காதே, அதை எழுதினவனுக்கு உன் தலையைத் தெரியாது. வலிக்கும்போதும் லாவண்யாவோடு ஒரு நடை போய்விட்டு வா. அந்தப் பேசித் தீர்க்கிற ஆளிடம் வெட்கப்படாமல் போ. பாஸ்வேர்ட் எல்லாம் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியட்டும், நல்லதுதான், ஆனால் நீ செத்துப்போவதற்காகச் சொல்லிக்கொடுக்காதே.

போன வெள்ளிக்கிழமை கரீம் பாய் இந்தப் பக்கம் வந்தார், பென்ஷன் விஷயமாக. முதல் தடவையாக உள்ளே வாருங்கள் பாய் என்றேன். அவர் வாசலிலேயே நின்று, வேறு யாரையாவது கூப்பிடுகிறேனோ என்று திரும்பிப் பார்த்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தலைவலி வந்தால் உன் அப்பா என்ன செய்வார் என்று கேட்டேன். ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் தண்ணீர்த் தொட்டி இருக்குமாம், நிழலில் ஜில்லென்று இருக்குமாம். வலி அதிகமானால் உன் அப்பா போய் அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாராம். பேசமாட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து, சலோ பாய் என்று வேலைக்குத் திரும்பிவிடுவாராம். கரீம் பாய் போன பிறகு நான் நிறைய அழுதேன். எனக்கு அந்தத் தொட்டி மேலேயும் பொறாமையாக இருந்தது. நான் கையை வைத்திருக்கவேண்டிய நெற்றி. என் கை சூடான கைதான், நடுங்குகிற கைதான், ஆனாலும் இரும்பைவிட நான் குறைந்துபோய்விட்டேனா என்று இருந்தது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று சுகுணம்மா போன் செய்தாள். வருகிற சனிக்கிழமை நீ வேறொரு சென்டரில் மூன்றாவது ஸ்கேனுக்குச் சொல்லிவைத்திருக்கிறாயாம், லாவண்யாவுக்குக்கூடத் தெரியாதாம். துணைக்கு அவளைக் கூப்பிட்டாயாம். டாக்டர் வேண்டாம் என்றதற்கு நான் வரமாட்டேன் பாபு என்று சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து நீ அவளோடு பேசவில்லையாம். "நான் எவ்வளவு சொன்னாலும் நான் மாமியார்தான் வதினா. நீங்க சொல்லுங்க" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், நீ அவளோடு பேசவில்லை என்று கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் உறைத்தது. அவளிடமும் சொல்லவில்லை என்றால் நீ வலியை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? உன் ஆபீஸில் இரும்புத் தொட்டிகூட இல்லையே.

அதனால் சனிக்கிழமை மௌலா அலிக்கு வா. போகாதே என்று உன்னைப் பிடித்துக் கட்ட என்னால் முடியாது. ஆனால் வந்து, இந்த வீட்டுக்குள் நின்று, தமிழில், அம்மா தலை வலிக்குது என்று சொல். பயமாயிருக்கு என்பதையும் சேர்த்துச் சொல். நான் உப்பு சுற்றமாட்டேன், மலை ஏறுகிறேன் என்று வேண்டமாட்டேன், சாப்பிடாமல் படுக்கமாட்டேன். அழமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யமுடியாது. அழுதால் அழுதுகொண்டே தேய்த்துவிடுகிறேன், நீ செருப்பை மாட்டாமல் படுத்திரு. கை நடுங்கினால் பொறுத்துக்கொள், கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடதுபக்கம் என்று எனக்கும் இடம் சொல்லிக்கொடு, நானும் கற்றுக்கொள்வேன். தைல பாட்டில் வாங்கி அலமாரியில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். எழுந்த பிறகும் அந்த ஸ்கேனுக்குப் போகவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், இரண்டு பேருமாக அந்த டாக்டரம்மாவிடமே போய்க் கேட்போம்.

சுகுணம்மாவுக்குப் போன் பண்ணிப் பேசு. அவள் கை நல்ல கை, ஒத்துக்கொள்கிறேன், உன் நல்லதுக்குத்தான் உன் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள். தலைவலி வந்தால் அவளிடமும் சொல். ஆனால் எனக்கு முதலில் சொல். ஒரு ஐந்து நிமிஷம் முன்னால் சொன்னால் போதும். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் நான் அவளுக்குப் போன் போட்டு, விஷயம் தெரியுமா வதினா, பையனுக்கு இன்றைக்குத் தலை வலிக்கிறதாம், இடதுபக்கம், என்று நானே சொல்லவேண்டும்.

உன் அம்மா